மீட்டர் மேடம் எடுக்காத அளவு

மோதிரம், கைக்கடிகாரம், காதிலிருக்கும் பொட்டுத் தோடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார் அண்ணி. தொழிற்சாலை வாசலில் எங்கள் காருக்காகக் காவலாளி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அண்ணி நிமிரவில்லை. டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

“உன் தோட்டையும் கழட்டு.”

“நான் ஓரமாத்தானே அண்ணி நிக்கப்போறேன்?”

“நீ ஓரமா நிப்ப. வெளிச்சத்துக்கு ஓரம் நடுவெல்லாம் தெரியாது. பளபளன்னு இருக்கற எதுலயாவது பட்டுத் திரும்புச்சுன்னா, இது உன் கண்ணா என் கண்ணான்னு கேட்டுட்டா வரும்?”

கழற்றிக் கொடுத்தேன்.

அண்ணி என் கணவரின் அக்கா. நாங்கள் மாடியில், அவர் கீழ்வீட்டில். நாத்தனாரும் தம்பி மனைவியும் பதினான்கு வருடம் ஒரே கட்டடத்தில் சண்டையில்லாமல் இருந்ததில் உறவுக்காரர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. தனியாள். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் விரிசல். மூன்று வாரம் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, விடுமுறையில் இருந்த நான் அவருக்கு டிரைவரானேன். அவர் செய்யும் வேலை இன்னதென்று அதுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் “ஏதோ லேசர்” என்று சொல்லிச் சமாளித்துவந்தேன்.

இரும்புத் தகடுகளை வெட்டவும் ஒட்டவும் தொழிற்சாலைகளில் பெரிய லேசர் இயந்திரங்கள் இருக்கின்றன. விரல் தடிமன் தகட்டையும் அந்தக் கதிர் வெட்டிவிடும். ஆனால் கதிரைக் கண்ணால் பார்க்க முடியாது. தகட்டில் பறக்கும் பொறியைத்தான் பார்க்கலாம். அந்தக் கதிர் ஒழுங்காக இருக்கிறதா என்று அளந்து சொல்வதுதான் அண்ணியின் வேலை. வெட்டு கோணலாகப் போனாலோ, ஓரத்தில் பிசிறு அடித்தாலோ, தப்பு கதிரிலா வேறெங்காவதா என்று தெரிந்துகொள்ள அவரை அழைப்பார்கள். தொழிற்சாலைகளில் அவருக்குப் பெயர் மீட்டர் மேடம்.

முதல் நாள் காரில் எனக்குப் பாடம் எடுத்தார். “லென்ஸ்ல இருந்து வெளிய வர்ற கதிர், போகப் போக ஒல்லியாகும். ஒரு இடத்துல ரொம்ப ஒல்லி. அதுக்குப் பேரு இடுப்பு. அதுக்கப்புறம் மறுபடி விரியும். இடுப்பு எங்க இருக்கு, எவ்வளவு ஒல்லி, எவ்வளவு வேகமா விரியுது, இந்த மூணு தெரிஞ்சா போதும், கதிரோட ஜாதகமே கையில.” பிறகு தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டு, “எனக்கில்லாத இடுப்பைத் தேடிக்கிட்டு ஊர் ஊராப் போறேன்” என்றார்.

இரண்டு பெட்டிகள் நிறையக் கருவிகள். ஒன்றில் ஊசி போன்ற ஒரு முனை. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு துளை. அது கதிருக்குள் விர்ரென்று சுழன்று, மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சத்தைக் கிள்ளி எடுக்கும். மிச்ச வெளிச்சத்தை அடியில் இருக்கும் கறுத்த உலோகப் பாத்திரம் விழுங்கும். அது சூடேறிப் போகாமல் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கணினித் திரையில் ஒரு உடுக்கையின் வடிவம் மெல்ல எழும்பும். பக்கத்தில் ஒரு எண். ஒன்றுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்ல கதிர். “ஒண்ணுக்குக் கீழ வந்தா?” என்று கேட்டேன். “இயற்கையிலேயே வராது. வந்துச்சுன்னா கருவி பொய் சொல்லுதுன்னு அர்த்தம்” என்றார், சந்தோஷமாக.

எண்கள் மீதான இந்தப் பற்று வீட்டிலும் உண்டு. ‘சுமாரா’ என்ற சொல் அவருக்கு ஆகாது. பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று என் கணவர் போனில் சொன்னால், “பத்துன்னா கூட எவ்வளவு, குறைய எவ்வளவு?” என்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் யார் மூக்குக் கண்ணாடி மேசையில் கிடந்தாலும் எடுத்துத் துடைத்துவிடுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. திரும்பவும் அதே இடத்தில் துணி படக் கூடாது. “தூசிய எடுக்கறேன்னு தூசியாலயே கீறிடறீங்க” என்று எங்களைத் திட்டுவார். என் மகள் தன் கண்ணாடியை வேண்டுமென்றே விரல் ரேகையோடு விட்டுவைப்பாள்.

இப்படிப்பட்டவர் ஒரு அளவை எடுக்காமல் விட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

இரண்டாவது வாரம் நாங்கள் போனது ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலை. அண்ணி அங்கே ஏற்கெனவே ஒருமுறை போனவர். அது நடந்து இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு என்று அவரே கணக்குச் சொன்னார். மேனேஜர் வரவேற்றார். சிரித்த முகம், கச்சிதமான சட்டை. மறுபடியும் பிசிறு வருகிறது என்றார். காலையில் வெட்டுகிற தகடுகள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. பத்து மணிக்கு மேல் ஓரமெல்லாம் ரம்பப் பல்.

“ஆபரேட்டர் புதுசு மேடம். ஆனா நல்ல ஆளு. அதான் குழப்பமா இருக்கு.”

அண்ணி குளிர்ந்த இயந்திரத்தில் ஒருமுறை அளந்தார். எல்லாம் சரி. பெட்டியை மூடவில்லை. “முழுச் சக்தியில முக்கால் மணி நேரம் ஓட்டுங்க. நான் காத்திருக்கேன்” என்றார். பச்சைக் கண்ணாடி அணிந்துகொண்டு நாங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு மறுபடியும் ஊசி சுழன்றது. திரையில் உடுக்கை எழுந்தது. அதன் இடுப்பு முன்பிருந்த இடத்தில் இல்லை. இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தது. எண்ணும் கெட்டுப்போயிருந்தது.

வெட்டும் தலையைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே லென்ஸைச் சுற்றித் தண்ணீர் ஓடும் மெல்லிய குழாயில் பாதி அடைப்பு. லென்ஸ் மேல் கடுகில் பாதி அளவில் ஒரு கருகல், பழைய கருகல். வேலை நடக்க நடக்க லென்ஸ் சூடேறி, கதிரின் இடுப்பைத் தூக்கிவிடுகிறது.

“அப்ப இவ்வளவு நாளா இதேதானா?” என்றார் மேனேஜர்.

அண்ணி லென்ஸைக் கீழே வைத்தார். “முன்னாடி இருந்த ஆபரேட்டர் எங்க?” என்று கேட்டார்.

“யாரு, விளிம்பு அண்ணனா? அவரை அப்பவே அனுப்பிட்டோமே மேடம். நீங்க மெஷின்ல குறை இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க. அப்புறம் குறை யார்கிட்ட? உங்க ரிப்போர்ட்டை வச்சுத்தான் அனுப்பினோம்.” குற்றம் சாட்டும் குரல் அல்ல. அண்ணி உதவி செய்ததை நினைவூட்டுவதுபோல நன்றியாகத்தான் சொன்னார்.

திரும்பும் வழியில் அண்ணி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னார். பெட்ரோல் போட்டு முடித்த பிறகும், “கொஞ்சம் ஓரமாப் போடும்மா வண்டிய” என்றார். அப்புறம் சொன்னார்.

விளிம்பு அண்ணன் என்பது பட்டப்பெயர். வெட்டி எடுத்த ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் கட்டைவிரலால் வருடிப் பார்த்த பிறகுதான் அடுக்குவாராம். அண்ணி முதல்முறை போனபோது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். காலையில் இயந்திரத்தைப் போட்ட கையோடு அண்ணி அளந்தார். நல்ல எண். கருவிகளைப் பெட்டியில் வைத்து மூடினார். அப்போது அந்த மனிதர் வாய் திறந்தார்: “மேடம், இப்ப இல்ல. அரை மணி ஓடட்டும், அப்புறம் பாருங்க. சூடானப்புறம்தான் அது குணத்தைக் காட்டும்.”

“நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘கதிருக்குக் குணமெல்லாம் கிடையாதுங்க, எண்ணுதான்’னேன். மேனேஜர் சிரிச்சார். எனக்கும் அது பிடிச்சிருந்துச்சு, அவர் சிரிச்சது.”

சூடான நிலையில் அளவு எடுக்க வேண்டும் என்பது அண்ணியின் அலுவலக விதியிலேயே உண்டு. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அன்று அண்ணி அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். கீழே, ‘கதிரில் குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“அவசரமா அண்ணி? வேற எங்கயாவது போகணுமா இருந்துச்சா?” நான் அவருக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தேன்.

“அவசரம்னு சொன்னா கௌரவமா இருக்கும். அப்படி ஒண்ணும் இல்ல. பெட்டிய மூடிட்டேன். மறுபடி திறந்து, தண்ணிக் குழாயெல்லாம் மாட்டி… சோம்பல்டி. வெறும் சோம்பல்.”

பதினான்கு வருடத்தில் அவர் என்னை ‘டி’ போட்டுப் பேசியது அன்றுதான்.

அன்றே வீட்டுக்கு வந்ததும் இடது கையால் தட்டச்சு செய்து பழைய அறிக்கைக்கு ஒரு திருத்தம் எழுதினார். இரண்டு பக்கம். அனுப்புவதற்கு முன்பு தன் அலுவலகத் தலைமை அதிகாரிக்குச் சொன்னார். ஸ்பீக்கரில் பேசியதால் எனக்கும் கேட்டது. “புது ரிப்போர்ட் குடுத்தாச்சுல்ல, அதோட விடுங்களேன். பழசத் திருத்தினா நாளைக்கு ஊர்ல உள்ள எல்லாரும் பழைய பேப்பரத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க” என்றார் அவர். “வரட்டும் சார், வந்தா நல்லதுதான்” என்று அண்ணி போனை வைத்துவிட்டார். தொழிற்சாலை மேனேஜரும் கூப்பிட்டார். “இப்ப எதுக்கு மேடம் இதெல்லாம் கிளறிக்கிட்டு? லென்ஸை மாத்தியாச்சு. ஜம்முனு ஓடுது.” அந்தத் தொழிற்சாலை அதன் பிறகு அண்ணியைக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு கீழ்வீட்டுக்குப் போனால் தரையெல்லாம் கோப்புகள். பதினோரு வருட அறிக்கைகள். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மேலே வந்து, “இன்னும் மூணு இருக்கு” என்றார். சூடான நிலைக்கான கட்டத்தில் கோடு போட்ட அறிக்கைகள். மூன்று இடங்களுக்கும் கடிதம் எழுதினார். இரண்டு இடத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று பதில் வந்தது. மூன்றாவது இடத்தில் அந்த இயந்திரத்தையே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அதை எதனால் போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அந்தப் பதிலைத்தான் அண்ணி திரும்பத் திரும்பப் படித்தார்.

விளிம்பு அண்ணனின் முகவரியைத் தொழிற்சாலை தரவில்லை. கேன்டீனில் டீ போடும் அம்மா கொடுத்தார். “அவர் இருந்தப்ப எங்க டம்ளர் ஓரத்தைக்கூடத் தடவித்தான் குடிப்பார். போய்ப் பாருங்கம்மா” என்றார்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். அவருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வயது ஐம்பத்தேழு. அங்கே இப்போது வேறு ஆள். மற்றத் தொழிற்சாலைகளில் விசாரித்தபோதெல்லாம் வேலைநீக்கக் கடிதத்திலிருந்த ‘கவனக்குறைவால் நீக்கம்’ என்ற ஒரு வரி அவருக்கு முன்னால் போய் நின்றிருக்கிறது. திருத்திய அறிக்கை வந்த பிறகு அந்த வரியை மட்டும் கடிதத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குள் அவர் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலைக்குப் போய்விட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

நாங்கள் போனபோது பிற்பகல் நான்கு மணி இருக்கும். நாலு மாடிக் குடியிருப்பில் மூன்றாம் தளம். நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் கதவுகள், கதவுக்கு வெளியே செருப்புகள். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. அண்ணி தான் யார் என்று சொன்னார். அந்த அம்மா உள்ளே பார்த்து, “ஏங்க, உங்க மீட்டர் மேடம் வந்திருக்காங்க” என்றார். பிறகு எங்களிடம், “ரெண்டு வருஷம் ஆச்சு. வழி தெரியலையா?” என்றார்.

“தெரியலம்மா. தெரிஞ்சுக்கவும் இல்ல. தப்புதான்” என்றார் அண்ணி.

விளிம்பு அண்ணன் முகம் கழுவிக்கொண்டு துண்டோடு வந்தார். ஒல்லியான, நேராக நிற்கிற மனிதர். “வாங்க மேடம். கையில என்ன ஆச்சு? உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணி உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னார். அடைப்பு, கருகல், இரண்டு மில்லிமீட்டர், எல்லாம். சுற்றிவளைக்கவில்லை.

கடைசியில் விளிம்பு அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அன்னிக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா மேடம்? இல்ல, மெஷின் சத்தத்துல கேக்கலையா?”

கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்பத் தயாராகத்தான் கேட்டார் என்று எனக்குப் பட்டது.

“விழுந்துச்சுங்க. நல்லாவே விழுந்துச்சு” என்றார் அண்ணி.

அவர் துண்டை நாற்காலியின் முதுகில் போட்டு, இரண்டு முனைகளையும் சரிசமமாக இழுத்துவிட்டார். “நான் வேற மாதிரி நெனச்சுட்டு இருந்தேன் மேடம். மொத ஆறு மாசம், மெஷின்தான் மெஷின்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். அப்புறம் சொல்றத விட்டுட்டேன். நீங்க படிச்சவங்க, கருவி வச்சுப் பாத்திருக்கீங்க. கருவி பொய் சொல்லாதுல்ல? அப்ப என் கைதான் போயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன். சாப்பிடறப்ப கைய நீட்டிப் பாப்பேன், நடுங்குதான்னு.”

அண்ணி திருத்தத்தின் இரண்டு தாள்களையும் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

அவருடைய மனைவி அந்தத் தாள்களை அவர் கையிலிருந்து எடுத்து, அண்ணியிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இவருக்கு எதுக்குக் குடுக்கறீங்க? இவருக்குத்தான் மெஷின்தான்னு வாயாலயே சொல்லிட்டீங்களே. எதிர் வீட்டுக்காரர் அதே கம்பெனிதான். அன்னிக்கே வந்து மாடி முழுக்கச் சொன்னார், கவனமில்லாம வேலை பாத்து அனுப்பிட்டாங்கன்னு. கைநடுங்கின்னு பேர் வச்சாங்க. லிஃப்ட்ல நாங்க ஏறினா பேச்சு நின்னுடும். குடுக்கறதா இருந்தா அவங்களுக்குக் குடுங்க.”

“விடும்மா” என்றார் விளிம்பு அண்ணன். “மேடம் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க.”

“நானும் இதே மாடியில இவ்வளவு நாள் இருந்திருக்கேன்.”

அண்ணி இருவரையும் பார்த்தார். “அவங்க சொல்றதுதான் சரி” என்றார். என்னைப் பார்த்து, “கதவை அகலமாத் திறம்மா” என்றார்.

நடைவழிக்குப் போய் நடுவில் நின்றார். கட்டுப்போட்ட கையின் மேல் தாள்களை வைத்து, இடது கையால் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். அலுவலகக் கடிதத்தை அலுவலகக் கடிதமாகவே, தேதி, இயந்திர எண், எதையும் விடாமல். “மேற்கண்ட இயந்திரத்தில் நான் எடுத்த அளவு, குளிர்ந்த நிலையில் மட்டும் எடுக்கப்பட்டது. சூடான நிலையில் எடுக்கவேண்டிய அளவு எடுக்கப்படவில்லை. அதை எடுக்குமாறு இயந்திரத்தை இயக்கியவர் அன்றே என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் எடுக்கவில்லை.”

நடைவழியில் குரல் முட்டித் திரும்பியது. ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் கரண்டியோடு வெளியே வந்தார். இன்னொரு கதவிலிருந்து ஒரு பெரியவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். படியில் ஏறிக்கொண்டிருந்த யாரோ நின்றார்கள். விளிம்பு அண்ணன் வாசலுக்கு உள்ளேயே, தலையைக் குனிந்தபடி நின்றார். அவருடைய மனைவி மட்டும் வெளியே வந்து, அண்ணிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்துகொண்டார்.

“வெட்டில் ஏற்பட்ட குறைக்குக் காரணம் லென்ஸ் சூடேறியது. இயக்கியவரின் கவனக்குறைவு அல்ல. குறை இல்லை என்று நான் கொடுத்த முந்தைய அறிக்கை தவறு. அதற்கு நான் பொறுப்பு.” கீழே இருந்த தன் பெயரையும் பதவியையும்கூட வாசித்தார். முடிந்ததென்று நான் கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. தூங்கி எழுந்த முகத்தோடு ஒரு மனிதர், “என்னங்க, என்ன சத்தம்?” என்றபடி வெளியே வந்தார்.

அண்ணி அவர் பக்கமாகத் திரும்பி நின்றார். இரண்டாவது தாளை அடியில் தள்ளி, முதல் தாளை மேலே கொண்டுவந்து, தேதியிலிருந்து மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தார்.